சிற்றுருப் படைகள்: வண்ணமும் பீடமும்

மேசைமேல் ஆடப்படும் போர் விளையாட்டுகளில் பயன்படும் சிறிய உலோக, பிளாஸ்டிக் வீரர்கள் சிற்றுருக்கள் அல்லது மினியேச்சர்கள் எனப்படுகின்றனர். கடையில் வாங்கும்போது இவை பெரும்பாலும் நிறமற்றவை. அவற்றைச் சுத்தம் செய்து, ஒட்டி, வண்ணம் தீட்டி, ஒரு சிறு பீடத்தில் பொருத்திய பிறகே அவை ஒரு படையின் உறுப்பாகின்றன. இந்த வேலையை அலங்காரமாக மட்டும் பார்ப்பது வழக்கம். ஆனால் இவ்விளையாட்டின் வரலாற்றில் வண்ணமும் பீடமும் தகவலைத் தாங்கும் கருவிகளாகவே வளர்ந்தன. எதிரில் நிற்பவர் யார் என்பதை வண்ணம் சொல்கிறது. அவர் எத்தனை பேருக்குப் பதிலாக நிற்கிறார், எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறார் என்பதைப் பீடம் சொல்கிறது. இந்தத் தகவலை உருக்களின்மேல் ஏற்றும் உழைப்பை யார் செய்தார்கள் என்பதும் காலந்தோறும் மாறிவந்துள்ளது.

நிறம் குறியீடான காலம்

சதுரங்கத்தை விரிவாக்கிப் போர்க்கலையைக் கற்பிக்க முயன்றவர்களுள் முன்னோடி யோகான் கிறிஸ்டியன் லூட்விக் ஹெல்விக். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் கணிதம் கற்பித்த இவர் 1780-இல் தம் விளையாட்டை வெளியிட்டார். அதன் பலகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. நிலத்தின் தன்மை கட்டங்களின் நிறத்தால் காட்டப்பட்டது. மலை, சதுப்பு, நீர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் இருந்தது. எந்தக் காய் எங்கே செல்லலாம் என்பதை ஆட்டக்காரர் நிறத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார்.

அடுத்த பெரிய மாற்றம் பிரஷ்யாவில் நிகழ்ந்தது. கேயோர்க் லியோபோல்ட் ஃபொன் ரைஸ்விட்ஸ் கட்டங்களைக் கைவிட்டு, வண்ணம் பூசிய நிலப்பரப்பு வில்லைகளை ஒரு பெரிய மேசையில் அடுக்கி ஆடும் விளையாட்டை 1812-இல் மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்முக்கு அளித்தார். அவருடைய மகன், படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ், அதை 1:8000 அளவிலான நிலப்படத்தில் ஆடும் முறையாக மாற்றி 1824-இல் வெளியிட்டார். கிரீக்ஸ்பீல் என அழைக்கப்பட்ட இவ்விளையாட்டைப் பிரஷ்யத் தலைமைத் தளபதி கார்ல் ஃபொன் முஃப்லிங் ஏற்றுக்கொண்டு படைப்பிரிவுகளுக்குப் பரிந்துரைத்தார்.

கிரீக்ஸ்பீலின் காய்களுக்கு மனித வடிவம் கிடையாது. அவை சிறிய ஈயக் கட்டைகள். ஒரு தரப்பு நீலம், மறு தரப்பு சிவப்பு. காலாட்படையா, குதிரைப்படையா, பீரங்கிப்படையா என்பதை அவற்றின்மேல் வரைந்த குறிகள் காட்டின. ஒரு பிரிவு அணிவகுத்து நிற்கும்போது நிலத்தில் எவ்வளவு அகலத்தைப் பிடிக்குமோ, அதே விகிதத்தில் கட்டையின் அளவு அமைக்கப்பட்டது. குறுகிய பாலத்தில் அல்லது மலையிடுக்கில் எத்தனை பிரிவுகள் நுழையும் என்று தனி விதி எழுதத் தேவையில்லை. கட்டைகளை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்றைய சிற்றுருப் பீடங்கள் செய்யும் பணியின் தொடக்கம் இதுவே.

நியூரம்பெர்க்கின் தட்டை வீரர்கள்

இதே காலத்தில், பயிற்சிக்கருவியாக அல்லாமல் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக உலோக வீரர்கள் பெருகினர். நியூரம்பெர்க் நகரில் யோகான் கோட்ஃப்ரீட் ஹில்பெர்ட் 1770களில் தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்து விற்றார். கற்பலகையில் உருவத்தைக் குழிவாகச் செதுக்கி, இரண்டு பலகைகளைச் சேர்த்து, இடையில் உருகிய உலோகத்தை ஊற்றுவது இம்முறை. 1839-இல் நிறுவப்பட்ட ஹைன்ரிக்சன் நிறுவனம் ஏறத்தாழ 30 மி.மீ. உயரத்தைத் தன் அளவாக்கியது. அது நியூரம்பெர்க் அளவு என்ற பெயரில் பிறரிடமும் பரவியது. எல்லா வீரர்களும் ஒரே உயரத்தில் இருந்ததால், வெவ்வேறு பெட்டிகளில் வாங்கியவர்களையும் ஒரே படையாக நிறுத்த முடிந்தது.

இவ்வீரர்கள் மெல்லிய மரப்பெட்டிகளில் எடைக்கணக்கில் விற்கப்பட்டனர். வண்ணம் தீட்டும் வேலையில் பெரும்பகுதி தொழிற்சாலைக்கு வெளியே, வீடுகளில் நடந்தது. பெண்களும் சிறுவர்களும் எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக்கு அதைச் செய்தனர். ஒருவர் ஒரு நிறத்தை மட்டும் நூற்றுக்கணக்கான உருக்களில் பூசி அடுத்தவருக்குத் தள்ளுவது வேகமான முறை. ஐரோப்பியப் படைகளின் சீருடைகளைக் குழந்தைகள் அடையாளம் கண்டது பெயர் தெரியாத இந்தக் கைகளின் வழியே. அச்சைச் செதுக்கிய சிலருடைய பெயர்கள் வரலாற்றில் உள்ளன. வண்ணம் தீட்டியவர்களுடைய பெயர்கள் கிடைப்பதில்லை.

சிபோர்னின் வாட்டர்லூ

ஒரு சிற்றுரு எங்கே நிற்கிறது என்பது எவ்வளவு பெரிய கேள்வியாகலாம் என்பதற்கு வில்லியம் சிபோர்னின் வாட்டர்லூ மாதிரி சான்று. பிரித்தானியப் படை அதிகாரியான சிபோர்ன், 1815-இல் நடந்த வாட்டர்லூ போரை மாதிரியாக அமைக்கும் பணியை 1830-இல் ஏற்றார். போர்க்களத்துக்கு அருகே மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். மாலை 7 மணி அளவில் அவரவர் பிரிவு எங்கே இருந்தது, எதிரில் யார் நின்றனர், வயலில் என்ன பயிர் இருந்தது என்று உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். பதில்களுக்கு ஏற்ப ஏறத்தாழ 75,000 நுண்ணிய உலோக வீரர்களைக் களத்தில் பொருத்தினார்.

பிரஷ்யப் படையினரை எங்கே, எத்தனை பேராக நிறுத்துவது என்பதில் சர்ச்சை எழுந்தது. வெற்றியில் பிரஷ்யருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வியே அதன் அடியில் இருந்தது. அரசின் பண உதவி இடையிலேயே நின்றது. சிபோர்ன் கடன்பட்டு வேலையை முடித்தார். 1838-இல் லண்டன் எகிப்தியன் ஹாலில் காட்சிக்கு வைக்கப்பட்ட மாதிரியைப் பெருந்திரளான மக்கள் கட்டணம் கொடுத்துப் பார்த்தனர். ஆனாலும் சிபோர்னின் கடன் தீரவில்லை. பின்னர் அவர் பிரஷ்ய உருக்களில் ஒரு பகுதியை அகற்றினார். இம்மாதிரி இன்று லண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது. இது ஆடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஆயினும் பிற்காலப் போர் விளையாட்டினர் சந்திக்கவிருந்த சிக்கலை இது முன்கூட்டியே காட்டியது. ஒரு வீரனை ஓரிடத்தில் ஒட்டுவது, அவன் அங்கே இருந்தான் என்று வாதிடுவதாகும்.

குழந்தைகள் அறையிலிருந்து போர்க்களத்துக்கு

1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் என்ற இளையவர் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கொண்டுவந்தார். உருகிய ஈயக்கலவையை அச்சில் ஊற்றி, ஓரங்கள் உறைந்தவுடன் நடுவிலுள்ள திரவத்தை வெளியே கொட்டிவிடுவது இம்முறை. ஈயம் குறைந்தது, எடையும் விலையும் குறைந்தன. 54 மி.மீ. உயரமுள்ள பிரிட்டன்ஸ் வீரர்கள் ஜெர்மன் பொம்மைகளின் சந்தையைப் பிடித்தனர். பேரரசின் படைகள் ஒவ்வொன்றாகச் சிவப்புப் பெட்டிகளில் வெளிவந்தன. வங்காளக் குதிரைப்படையும் மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி எனப்பட்ட சென்னைக் காலாட்படையும் அவற்றுள் அடங்கும். இங்கும் வண்ணம் கையால்தான் தீட்டப்பட்டது. பெண் தொழிலாளர்களே அவ்வேலையில் மிகுதியாக இருந்தனர். ஈயப் பொம்மைகளும் பழைய வண்ணங்களும் நச்சுத்தன்மை கொண்டவை என்ற கவலை வலுத்தபின் 1966-இல் இந்நிறுவனம் ஈய வார்ப்பை நிறுத்தியது.

பெரியவர்கள் இந்தப் பொம்மைகளைக் கொண்டு விதிகளோடு ஆடத் தொடங்கியதற்கு எழுத்தாளர்கள் இருவர் சான்று. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881-82 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் தம் மனைவியின் மகன் லாய்ட் ஆஸ்போர்னுடன் மச்சு அறைத் தரையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் நிலப்படம் வரைந்து ஈய வீரர்களை மோதவிட்டார். எச். ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ நூல் பிரிட்டன்ஸ் வீரர்களையும் சுருள்வில்லால் குண்டு எறியும் பொம்மைப் பீரங்கியையும் அடிப்படையாகக் கொண்டது. காலாள் ஒரு முறைக்கு ஓரடியும் குதிரைவீரன் ஈரடியும் நகரலாம் என்பது அவர் விதி. வீரர்கள் தனித்தனியாக நின்றனர். குண்டு பட்டு விழுந்தவர் மடிந்தவர். தொழிற்சாலையிலிருந்து வந்த வண்ணமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. மேசைப் போர் உண்மைப் போரைவிட எவ்வளவோ நல்லது என்று வெல்ஸ் அந்நூலில் வாதிட்டார். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது.

தூரிகை ஆட்டக்காரரிடம் வருதல்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இவ்விளையாட்டு தனிப் பொழுதுபோக்காக உருவெடுத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜாக் ஸ்க்ரூபி 1950களில் போர் விளையாட்டுக்கென்றே மலிவான உருக்களை வார்த்ததோடு, 1957 முதல் ‘வார் கேம் டைஜஸ்ட்’ இதழையும் நடத்தினார். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் உடலியக்க மருத்துவராக இருந்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1962-இல் ‘வார் கேம்ஸ்’ நூலை வெளியிட்டார். இவர்கள் விற்ற, வாங்கிய உருக்கள் பெரும்பாலும் வெறும் உலோகம். வண்ணம் தீட்டும் வேலை வீட்டுக்கூலிக்காரரிடமிருந்து ஆட்டக்காரரின் கைக்கு வந்தது.

ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959 முதல் வெளியிட்ட 1:72 அளவிலான மென்பிளாஸ்டிக் வீரர்கள் பள்ளி மாணவர்களையும் இதற்குள் இழுத்தனர். ஒரு பெட்டியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். கைச்செலவுக் காசில் ஒரு படையைத் திரட்டலாம். ஆனால் பாலித்தீனில் வண்ணம் நிலைக்காது. துப்பாக்கி வளைந்தவுடன் பூச்சு உரிந்து விழும். சோப்பு நீரில் கழுவுவது, வண்ணத்துக்கு முன்பும் பின்பும் வெள்ளைப் பசையைப் பூசுவது போன்ற வழிகளை ஆட்டக்காரர்கள் தாமே கண்டறிந்து இதழ்கள் வழியே பகிர்ந்துகொண்டனர்.

தாமே வண்ணம் தீட்ட வேண்டும் என்றவுடன், எந்த வண்ணம் என்ற கேள்வி எழுந்தது. நெப்போலியன் காலத்துப் படைப்பிரிவின் கழுத்துப்பட்டையும் மணிக்கட்டு விளிம்பும் என்ன நிறம் என்று தேடவேண்டியிருந்தது. 1971-இல் தொடங்கிய ஆஸ்ப்ரே நிறுவனத்தின் ‘மென்-அட்-ஆர்ம்ஸ்’ நூல் வரிசை போன்றவை இத்தேவையை நிறைவேற்றிப் பெரும் வாசகரைப் பெற்றன. சீருடை ஆவணங்கள் உள்ள ஐரோப்பியப் படைகளுக்கு இது எளிது. பண்டைய, இடைக்காலப் படைகளுக்கு அவ்வாறில்லை. சோழர் படையைத் தீட்ட விரும்புபவருக்குச் சீருடைக் கையேடு எதுவும் கிடையாது. கோயில் சிற்பங்களும், தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுவரில் உள்ள ஓவியங்களும், கல்வெட்டுகள் குறிப்பிடும் படைப்பிரிவுப் பெயர்களுமே துணை. சிற்பம் ஆயுதத்தின் வடிவத்தைத் தருகிறது; துணியின் நிறத்தைத் தருவதில்லை. அங்கே தீட்டுபவர் ஊகிக்கிறார். ஆனால் மேசைமேல் நிற்கும் உருவில் எது சான்று, எது ஊகம் என்று பார்ப்பவருக்குப் பிரித்தறிய முடியாது.

பீடம் விதியாதல்

1969-இல் இங்கிலாந்தின் போர் விளையாட்டு ஆய்வுக் குழு பண்டைக்காலப் போர்களுக்கான விதிநூலை வெளியிட்டது. ஒரு உரு 20 வீரருக்கு நிகர் என்பது போன்ற விகிதங்களும், படைவகைக்கு ஏற்ற பீட அளவுகளும் இத்தகைய விதிநூல்களால் நிலைபெற்றன. வெவ்வேறு ஊர்களில் படை திரட்டியவர்கள் போட்டிகளில் சந்திக்க வேண்டுமானால் பீடங்கள் ஒத்திருக்க வேண்டும் என்பதே காரணம்.

இப்போக்கின் தெளிவான வடிவம், அக்குழுவின் ஃபில் பார்க்கர் முதலியோர் 1990-இல் வெளியிட்ட ‘டி பெல்லிஸ் ஆண்டிகுயிடாடிஸ்’. இதில் ஒரு படை என்பது 12 பீடங்கள் மட்டுமே. 15 மி.மீ. உருக்களுக்கு எல்லாப் பீடங்களின் முன்னகலமும் 40 மி.மீ. படைவகைக்கு ஏற்ப ஆழமும் உருக்களின் எண்ணிக்கையும் மாறும். நெருங்கி நிற்கும் ஈட்டி வீரர் 15 மி.மீ. ஆழப் பீடத்தில் நால்வர். சிதறி நின்று எறிபவர் 20 மி.மீ. ஆழத்தில் இருவர். யானை 40 மி.மீ. ஆழத்தில் ஒன்று. இவ்விதி வரிசையைச் சேர்ந்த படைப்பட்டியல்களில் தமிழர், சிங்களர் படைகளும் இடம்பெற்றன. உருவை எடுப்பதோ விழுத்துவதோ இல்லை. முழுப் பீடமே நகர்கிறது, பின்வாங்குகிறது, அழிகிறது. எதிராளியின் பீடத்தைப் பார்த்தாலே அது எவ்வகைப் படை என்று தெரிந்துவிடும். ரைஸ்விட்ஸின் ஈயக்கட்டை இங்கே மனித உருக்களைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தது எனலாம்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. வேறு பீட அளவு கேட்கும் விதிநூலுக்கு மாற விரும்புபவர், ஒட்டிய நூற்றுக்கணக்கான உருக்களைப் பெயர்த்து மீண்டும் ஒட்ட வேண்டும். நல்ல விதியாயினும் பீடம் பொருந்தாததால் ஏற்கப்படாமல் போவது இவ்விளையாட்டில் வழக்கம்.

வார்ஹாமரும் நிறுவனமயமும்

1975-இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனமும், அதனோடு இணைந்த சிட்டாடல் மினியேச்சர்ஸும் 1983-இல் ‘வார்ஹாமர்’ என்ற கற்பனை உலகப் போர் விளையாட்டையும், 1987-இல் ‘வார்ஹாமர் 40,000’ விளையாட்டையும் வெளியிட்டன. கற்பனைப் படைக்கு வரலாற்றுச் சீருடை இல்லை. எனவே நிறங்களையும் நிறுவனமே வகுத்தது. உருவும் விதியும் வண்ணமும் தூரிகையும் இதழும் ஒரே கடையில் கிடைத்தன. கோல்டன் டீமன் என்ற வண்ணம் தீட்டும் போட்டி 1987 முதல் நடந்தது. விரைவில் உலரும், நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்கள், நெடியடிக்கும் எனாமல் வண்ணங்களின் இடத்தைப் பிடித்தன.

நடுவில் வெட்டுப் பள்ளமுள்ள பிளாஸ்டிக் பீடமும் இக்காலத்தில் பரவியது. உருவின் காலடியிலுள்ள நாக்கு அதில் செருகப்படும். வார்ஹாமரில் மனிதனுக்கு 20 மி.மீ. சதுரம், உடல் பெருத்த ஓர்க்குக்கு 25 மி.மீ. சதுரம். வரிசையாக மோதும்போது ஒரே அகலத்தில் மனிதர் ஐவரும் ஓர்க்குகள் நால்வரும் நிற்பர். யார் அதிகக் கைகளோடு அடிக்கிறார் என்பது பீடத்தாலேயே முடிவாகும். 2015-இல் இந்நிறுவனம் பழைய விளையாட்டை விட்டு ‘ஏஜ் ஆஃப் சிக்மர்’ என்ற புதியதைக் கொண்டுவந்தபோது, உருக்கள் வட்டப் பீடங்களுக்கு மாறின. 2024-இல் ‘தி ஓல்டு வேர்ல்டு’ வழியாகச் சதுரப் பீடம் திரும்பியது. ஆனால் மனிதருக்கு 25 மி.மீ., ஓர்க்குக்கு 30 மி.மீ. எனப் பெரிதாகிவிட்டது. நாற்பது ஆண்டுகளாகப் படைகளைப் பாதுகாத்தவர்கள் மீண்டும் கத்தியையும் பசையையும் எடுக்க வேண்டியதாயிற்று.

வண்ணமும் விதிக்குள் வந்தது. 2020-இல் வெளியான ‘வார்ஹாமர் 40,000’ ஒன்பதாம் பதிப்பு, குறிப்பிட்ட தரத்துக்கு வண்ணம் தீட்டிய படைக்கு 100 புள்ளிகளில் 10 புள்ளிகளை அளித்தது. படையைத் தீட்டி முடிக்க இது ஊக்கம் என்றனர் ஒரு சாரார். நேரமோ கைத்திறனோ கண்பார்வையோ குறைந்தவருக்கு இது தண்டனை என்றனர் மறு சாரார்.

தீட்டும் முறை

மேசைப் படைக்கான வண்ணப்பூச்சு, காட்சிப் பேழைக்கான பூச்சிலிருந்து வேறுபட்டது. ஆட்டக்காரர் உருவை இரண்டு மூன்று அடி தொலைவிலிருந்து பார்க்கிறார். 28 மி.மீ. உருவின் துணிமடிப்பில் இயல்பான நிழல் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விழாது. எனவே நிழலையும் ஒளியையும் மிகைப்படுத்தித் தீட்ட வேண்டும். முதலில் வார்ப்புப் பிசிறுகள் சுரண்டப்பட்டு, வண்ணம் பிடிக்க அடிப்பூச்சு தரப்படும். அதன்மேல் ஒவ்வொரு பகுதிக்கும் அடிப்படை நிறம். பின்னர் நீர்த்த கருநிறத்தை ஓடவிட்டால் அது பள்ளங்களில் தங்கி நிழலாகும். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் இளநிறத்தை உரசினால் மேடுகளில் மட்டும் ஒட்டி ஒளியாகும். பத்து இருபது உருக்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு நிறத்தையும் எல்லாவற்றிலும் முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குச் செல்வது பெரும்படைக்கு ஏற்ற வழி. இறுதியில் வார்னிஷ் பூச்சு விரல்பட்டு வண்ணம் தேய்வதைத் தடுக்கிறது.

பீடத்தில் பசை தடவி மணல் தூவி, மண்நிறம் பூசி, செயற்கைப் புல் ஒட்டுவது கடைசி வேலை. படை முழுவதற்கும் ஒரே மண், ஒரே புல் அமையும்போது, வெவ்வேறு நிறுவனத்தாரின் உருக்களும் வெவ்வேறு ஆண்டுகளில் தீட்டியவையும் ஒரே படையாகத் தோன்றும்.

இன்றைய நிலை

1990களில் ஈயம் பெருமளவு கைவிடப்பட்டு, ஈயமற்ற உலோகக்கலவையும் கடினப் பிளாஸ்டிக்கும் அதன் இடத்துக்கு வந்தன. பழைய ஈய உருக்களை ஓக் போன்ற மரப் பேழைகளில் வைத்தால், மரத்திலிருந்து வெளிவரும் அமில ஆவியால் அவை வெண்பொடியாக அரிக்கப்படுகின்றன. சேகரிப்பாளரும் அருங்காட்சியகங்களும் இதனோடு போராடுகின்றனர். முப்பரிமாண அச்சுப்பொறிகளின் வரவால் உருவை வார்ப்பதும் வீட்டு வேலையாகி வருகிறது.

எல்லா ஆட்டக்காரரும் தாமே தீட்டுவதில்லை. கூலிக்குத் தீட்டித்தரும் சேவைகள் பல நாடுகளில் உள்ளன. இலங்கையில் இயங்கிய அத்தகைய பட்டறைகள் ஐரோப்பிய, அமெரிக்க ஆட்டக்காரரிடையே நன்கு அறியப்பட்டவை. அங்கிருந்து தீட்டி அனுப்பப்பட்ட நெப்போலியன் காலப் படைகள் தொலைவிலுள்ள மேசைகளில் நிற்கின்றன. நியூரம்பெர்க் வீடுகளில் தொடங்கிய வேலைமுறை இவ்வாறு கடல் கடந்தும் தொடர்கிறது. பரிசுப் போட்டிகளில் தீட்டியவரின் பெயர் அறிவிக்கப்படுகிறது. கூலிக்குத் தீட்டிய படையோ பெரும்பாலும் அதை வாங்கியவரின் பெயராலேயே அறியப்படுகிறது.